பி லைன் டோக்கன்

ஜன்னல் பக்கம் நீங்களே இருந்துக்குங்க. எனக்கு இந்த ஓரம் போதும், கால நீட்டிக்கலாம். டீச்சருங்களா? நெனச்சேன். பை நெறைய பரிச்சைப் பேப்பரு இருக்குதே. கோயமுத்தூருதானுங்களே? நானும் அங்கதான். லேபர் ஆபீசுக்குப் போறேன். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்க ஒரு ஆபீசர் என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேப்பாராம். அதுக்கு நான் என்ன சொல்றேன்கறதுலதான் எல்லாமே இருக்குது. என்ற பொழப்பும் அதுலதான், எங்க பி லைன் பொம்பளைக நாப்பத்தாறு பேரு பொழப்பும் அதுலதான்.

கடைசி சீட்டுல நாலு பேரு உக்காந்திருக்காளுக பாருங்க. அவளுகளும் அங்கதான் வர்றாளுக. எல்லாம் எங்க கம்பெனி ஆளுகதான். "இங்க எடம் இருக்குது வாங்கக்கா"ன்னு கூப்டாளுக. நான் போகல. அவளுக மேல எனக்கு இன்னும் கோவம் ஆறல. என்ன கோவம்னு சொன்னா சிரிப்பீங்க. என்னை வேலைய விட்டுத் தூக்கறேன்னு கம்பெனி சொல்லுச்சு. தூக்கக் கூடாதுன்னு இவளுக சண்டை போட்டாளுக. அதான் கோவம். பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

என்ற பேரு துளசிமணி. திருப்பூர்ல கொழந்தைத் துணி தைக்கற பனியன் கம்பெனில பதினோரு வருசம். அதுல ஏழு வருசம் லைன் சூப்பர்வைசரு. கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. லைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியோணுமே. வரிசையா மெசினு. முதல் மெசின்காரி தோள்பட்டை அடிச்சுத் தள்ளுவா, அடுத்தவ கழுத்து, அதுக்கடுத்தவ கை. பீஸ் அப்படியே நகந்து நகந்து கடைசில முழு சட்டையா உழுகும். நடுவுல ஒருத்தி எந்திரிச்சாப் போதும், அவ மடில பீஸ் குமிஞ்சிரும், அவளுக்குப் பொறகால இருக்கறவ கைய வெச்சுட்டு உக்காந்திருப்பா. மணிக்கு இத்தனை பீஸ்னு போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க. கொறஞ்சா மேனேஜர் மோகனசுந்தரம் சாரு யாரைக் கேப்பாரு? மெசின்காரியையா? என்னைத்தான கேப்பாரு!

அதுக்குத்தான் டோக்கன். லைனுக்கு ரெண்டு. பாத்ரூம் போகோணும்னா எங்கிட்ட வந்து வாங்கிக் கழுத்துல மாட்டிக்கோணும். போயிட்டு வந்து கழட்டிக் குடுத்தாத்தான் அடுத்தவளுக்கு. ஏழு நிமிசம். இது நானா கண்டுபுடிச்சது இல்லைங்க. நான் வர்றதுக்கு முன்னாலயே இருந்துச்சு, அட்டைல. வேர்வை பட்டு நைஞ்சு நைஞ்சு போயிரும். மோகனசுந்தரம் சாரு ஒரு நாளு, "துளசி, உறுதியா ஏதாவது செய்யி, உனக்குத்தான் கை வரும்"னாரு. சரின்னு கட்டிங்ல மிச்சம் விழுந்த பச்சைத் துணிய ரெண்டு மடிப்பா வெச்சு, சுத்தி ஓவர்லாக் அடிச்சு, மேல பைப்பிங் குடுத்து, நடுவுல வெள்ளை நூல்ல பி-ஒண்ணு, பி-ரெண்டுன்னு நம்பரு போட்டேன். பாத்தா ஸ்கூல் பேட்ஜாட்டவே இருக்கும். ஏ லைன்காரி வந்து எனக்கும் தச்சுக் குடுன்னா, சி லைன்காரி வந்து கேட்டா. ஆறு லைனுக்கும் பன்னெண்டு டோக்கன் தச்சுக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுல ஒரு நூலு பிரியல. நான் தச்சா அப்படித்தான்.

என்னமோ நான் ராட்சசின்னு நெனச்சுராதீங்க. யாருகிட்டயும் பாரபட்சம் பாத்ததில்ல. மொதல்ல கேட்டவளுக்கு மொதல்ல. அப்புறம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க, அந்தப் பதினோரு வருசத்துல நான் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த பாத்ரூமுக்குப் போனதில்ல. டெய்லரா இருந்தப்பவும் இல்ல, சூப்பர்வைசரானப்பவும் இல்ல. "துளசிமணி சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டா"ன்னு ஆயுதபூசையன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொல்லி எவர்சில்வர் அடுக்கு குடுத்தாங்க. மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துருவேன், ஊடு அடுத்த வீதிதான். மத்த நேரம் மனசக் கட்டுப்படுத்தினா உடம்பு கேக்கும்னு இருந்தேன். என்னால முடியறப்ப இவளுகளால ஏன் முடியாதுன்னு எனக்கு எரிச்சலா வரும்.

அங்காளேஸ்வரின்னு ஒரு புள்ள. அருப்புக்கோட்டைப் பக்கம். இருவத்திரெண்டு வயசு, கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கறா. சட்டைக்கு சைடு ஓவர்லாக்கு அடிக்கறவ. கை வேகம்னா வேகம், அவ தைக்கறதப் பாத்துட்டே நிக்கலாம். அந்தக் கடைசி சீட்டுல மஞ்சச் சுடிதாரு, அவதான். புரட்டாசில கிறிஸ்துமஸ் ஆர்டரு ஓடிட்டிருந்துச்சு. கொழந்தை கவுனு, கிரீம் கலரு. அன்னிக்கு சாயங்காலம் சரக்கு வண்டி ஏறோணும். மூணு மணி வாக்குல வந்து, "அக்கா டோக்கன்"னா. ரெண்டும் வெளிய போயிருக்குது, இருன்னேன். மறுக்கா வந்தா. ஒண்ணு வந்திருந்துச்சு, ஆனா அவளுக்குப் பொறகால மூணு பேரு சும்மா உக்காந்துருவாளுக, இந்தப் பன்னெண்டு பீசுக் கட்டு முடிச்சுட்டுப் போன்னேன். மூணாந்தரம் மெசின்ல இருந்தே கையத் தூக்கினா. நாலாந்தரமும் தூக்கினா. நான் போர்டுல நம்பரு எழுதிட்டிருந்தேன், பாத்துட்டேன், பாக்காத மாதிரி எழுதினேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றது. அவ உக்காந்த எடத்துலயே ஆயிப்போச்சுங்க. பாவாடையெல்லாம் நனஞ்சு, ஸ்டூலு நனஞ்சு, கீழ ஒழுகிருச்சு. மடில இருந்த பன்னெண்டு கவுனும் போச்சு. கிரீம் கலரு பாருங்க, கறை போகவே போகாது. என்ற கண்ணு மொதல்ல அந்தப் பீசு மேலதான் போச்சு. வேற எது மேல போகும்? ஏழு வருசமா அதுதான வேலை! "பன்னெண்டு பீசு போச்சே, எந்திரி"ன்னு கத்திட்டு, வேஸ்ட் துணிய அவ மேல வீசினேன். தொடைன்னேன்.

அவ தொடைக்கல. குனிஞ்சு உக்காந்துட்டா. அவளுக்குப் பக்கத்து மெசினு நின்னுச்சு. அப்புறம் அடுத்தது. நாப்பத்தாறு மெசினும் ஒண்ணொண்ணா நின்னுபோச்சு. பதினோரு வருசத்துல கரண்டு போனாத்தான் அந்தச் சத்தம் நிக்கும். அன்னிக்கு லைட்டு எரியுது, பேனு சுத்துது, மெசினு மட்டும் ஓடல. "ஏன்டி நிறுத்தினீங்க"ன்னு கத்தறேன், ஒருத்தியும் பெடல்ல காலு வெக்கல. அப்புறம் அடுத்த லைனு நின்னுச்சு. சரக்கு அன்னிக்கு வண்டி ஏறல.

அந்தப் புள்ளைக்கு மறுநாளே குளிர்க்காச்சல். அடக்கி அடக்கி உள்ள சீப்புடிச்சுப் போச்சாம், ஒரு வாரம் பெரியாஸ்பத்திரில கெடந்தா. கம்பெனி என்ன பண்ணுச்சு? நோட்டீஸ் ஒட்டுச்சு. சூப்பர்வைசர் துளசிமணி மனிதத்தன்மை இல்லாம நடந்துக்கிட்டாங்க, சஸ்பெண்டு, விசாரணை முடிஞ்சதும் வேலை நீக்கம். மனிதத்தன்மையாம்! மணிக்கு எத்தனை, மணிக்கு எத்தனைன்னு என்னை அரிச்செடுத்த மனுசன் கையெழுத்துப் போட்டிருக்கறாரு அதுல.

அவளுக கைதட்டுவாளுகன்னு பாத்தேன். தட்டல. தச்ச பீசப் பாக்கற செக்கிங்ல ஜெபமணி அக்கான்னு ஒருத்தங்க, நாகர்கோயிலுக்காரங்க, அம்பது வயசிருக்கும். அவங்க எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயி மேனேஜரு ரூம்ல நின்னு, "இவளத் தூக்க வேண்டாம்"னாங்களாம். "இவளத் தூக்கினா நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. டோக்கனு அதே ஆணியிலதான் தொங்கும். எங்களுக்கு ஆளு மாற வேண்டாம், டோக்கன் போகணும். ஒருத்தி எந்திரிச்சா அவ மெசின்ல உக்கார லைனுக்கு ஒரு மாத்து டெய்லரு வேணும். போர்டுல இருக்கற நம்பர் குறையணும். துளசிமணி எங்ககூட உக்காந்து பேசணும்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம்! வேலைய விட்டுத் தூக்கினா ஒரு மாசம் ஊட்டுல படுத்து அழுதுட்டு வேற கம்பெனிக்குப் போயிருப்பேன். திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன். எனக்காக இவளுக ஏன் பேசோணும்? நான் கேட்டனா?

நான் சொல்றது சரிதானுங்களே? ஆமா, உங்க பள்ளிக்கூடத்துல புள்ளைக பாடம் நடக்கறப்ப பாத்ரூம் போகோணும்னா உட்டுருவீங்களா? பெல்லடிச்சப்புறமா? ம்ம். நல்லா இருக்குது போங்க. என்னை அப்படிப் பாத்தீங்களே.

ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு ஜெபமணி அக்கா ஊட்டு மொட்டை மாடிக்கு வரச் சொன்னாங்க. போகாம இருந்தா பயந்துட்டான்னு நெனப்பாளுக, அதனால போனேன். நல்ல சேலையாக் கட்டிட்டுப் போனேன். சுத்தி உக்காந்திருந்தாளுக, இருவது பேரு இருக்கும். நடுவுல என்ன கெடக்குதுங்கறீங்க? நான் தச்ச டோக்கன், பி-ஒண்ணு. எவளோ கழுத்தோட வெளிய கொண்டாந்திருக்கா. "இத மாட்டியிருக்கறவ பேசலாம். மத்தவ வாயத் தொறக்கக் கூடாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம், ஏழு நிமிசக் கணக்கெல்லாம் இங்க கெடையாது"ன்னாங்க ஜெபமணி அக்கா. குத்திக் காட்டறாங்களாமா!

பேசினாளுக. ஒருத்தி காலைல ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாளாம். ஒருத்தி மாச நாள்ல வேஸ்ட் துணிய நாலு மடிப்பா வெச்சுட்டு உக்காந்திருப்பாளாம், அசைய மாட்டாளாம். அங்காளேஸ்வரி ரொம்பப் பேசல. "ஆஸ்பத்திரில நர்சக்கா, வரும்போதெல்லாம் போயிரணும்னு சொன்னாங்க. அதக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு"ன்னா. அவ்வளவுதான். டோக்கன் எங்கிட்ட வந்துச்சு. நான் மாட்டல. அடுத்தவகிட்டத் தள்ளிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமையும் தள்ளிட்டேன்.

மூணாவது ஞாயித்துக்கெழமை மாட்டினேன். நறுக்குன்னு கேட்டேன். "நான் பதினோரு வருசம் போகல. ஒரு நாளு போகல. எவளாவது என்னைப் பாத்திருக்கீங்களாடி? என்ற உடம்பென்ன இரும்பா? மனசு வேணும்!"

அங்காளேஸ்வரி கைய நீட்டி டோக்கன வாங்கினா. மாட்டிட்டு மெதுவாக் கேட்டா. "அக்கா, நீங்க மத்தியானம் வீட்டுக்குப் போவீங்கல்ல?"

ஆமான்னேன்.

"நாங்க முன்னூறு பேரு அக்கா. அரை மணி நேரத்துல சோறும் திங்கணும். இருக்கறது நாலு பாத்ரூமு."

அவ்வளவுதான் சொன்னா. டோக்கனக் கழட்டி வெச்சுட்டா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். வீதில நடந்து வர்றப்பவும் அவளத் திட்டிட்டேதான் வந்தேன். வாயாடின்னு திட்டினேன். ஆனா அவ பேசினது நாலே வார்த்தைதான், பாருங்க.

அடுத்த செவ்வாக்கெழமை கம்பெனில கூப்ட்டாங்க. ஒரு மணிக்கு வரச் சொன்னாங்க, ரெண்டரை வரைக்கும் வெளிய பெஞ்சுல உக்கார வெச்சாங்க. நடுவுல மோரு குடுத்தாங்க, ரெண்டு டம்ளரு குடிச்சேன், வெயிலு. உள்ள போனா மோகனசுந்தரம் சாரும் ஹெச்.ஆர். மேடமும் ஒரே சிரிப்பு. வாங்க துளசிங்கறாங்க. சஸ்பெண்டு ரத்து, வேலை நீக்கம் இல்லவே இல்ல, ரெண்டாவது யூனிட்ல புளோர் இன்சார்ஜாப் போட்டிருக்கோம்னாங்க. அங்கயும் ஆறு லைனு, ஆறும் என்ற கைக்குக் கீழ. எத்தனை வருசமா நெனச்ச வேலை அது! இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கன்னாங்க.

படிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சாங்களோ என்னமோ. டோக்கன் வழக்கம் நிர்வாகத்துக்குத் தெரியாது, நானா என்ற இஷ்டத்துக்கு ஏற்படுத்தினது, டோக்கன் தச்சதும் நான்தான். வேற எந்த லைன்லயும் இல்ல. கீழ என்ற பேரு.

"சாரு, நீங்கதான தைக்கச் சொன்னீங்க"ன்னேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு துளசி? உன்ற தையல்தான அது? பாத்தாலே தெரியுதே"ன்னாரு.

எந்தக் கைய அன்னிக்கு மெச்சினாரோ அந்தக் கையவே புடிச்சுக் குடுக்கறாரு பாருங்க. சத்தியமாச் சொல்றேன், அப்பவும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். புளோர் இன்சார்ஜுங்க. பேனா கைல இருக்குது. ஆனா எனக்கு வயிறு முட்டிருச்சு. ரெண்டு டம்ளரு மோரு, ஊட்டுக்கும் போகல. மேடம், பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்னேன். ஆபீஸ் பாத்ரூம் பூட்டியிருக்கும், சாவி அவங்க மேசைல இருக்கும். மேடம் சாவி மேல கைய வெச்சுட்டு, "இதுல போட்டுட்டுப் போயிருங்களேன் துளசி, அஞ்சு நிமிச வேலை"ன்னாங்க.

சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. கெட்ட பொம்பள இல்லைங்க அவங்க. நான் அங்காளேஸ்வரிகிட்ட சொன்ன அதே மாதிரிதான் சொன்னாங்க. இந்தக் கட்டு முடிச்சுட்டுப் போன்னு நான் சொன்னேன்ல, அதே மாதிரி.

பேனாவ வெச்சுட்டு எந்திரிச்சேன். கீழ எறங்கி பி லைனுக்குள்ள நடந்தேன். எல்லாத் தலையும் நிமிருது. பாத்ரூம் வாசல்ல என்ற எடத்துல புதுசாப் போட்ட சூப்பர்வைசரு, நான் பழக்கிவிட்ட புள்ளதான், என்னை மறிச்சுட்டா. "ரெண்டும் வெளிய போயிருக்குதுங்கக்கா. கொஞ்சம் நில்லுங்க." என்னை சஸ்பெண்டு பண்ணி மூணு நாளு டோக்கன எடுத்து வெச்சிருந்தாங்களாம். நாலாம் நாளு மறுக்கா ஆணில மாட்டிட்டாங்க, காணாமப் போன பி-ஒண்ணுக்குப் பதிலா ஒரு அட்டைய வெச்சு. என்னத் தவிர எல்லாமே பழையபடி இருந்துச்சு.

வரிசைல நின்னேன். எனக்கு முன்னால மூணு பேரு. கால மாத்தி மாத்தி வெச்சு நிக்கறேன், கண்ணுல தண்ணி முட்டுது. ஒருத்தி வந்து டோக்கனக் கழட்டினா. வாங்க வேண்டியவ அங்காளேஸ்வரி. திரும்பிப் பாத்தா. வாங்கி என்ற கழுத்துல போட்டுட்டு, "போங்கக்கா"ன்னா.

நான் போனேன். கதவச் சாத்தினேன். தாழ்ப்பாளத் தேடறேன், தாழ்ப்பா இல்லைங்க. தாழ்ப்பா இருந்த ஓட்டைல பனியன் துணியக் கட்டித் தொங்க விட்டிருக்குது. அத ஒரு கைல இழுத்துப் புடிச்சுட்டுத்தான் உக்காரோணும். அந்தத் துணி கை பட்டு கை பட்டு கருப்பாப் போயிருந்துச்சு. குழாய்ல தண்ணி வரல. பக்கெட்டு உடஞ்சு அடில ஒரு சொம்புத் தண்ணி கெடக்குது. நான் உக்காந்திருக்கறப்பவே வெளிய யாரோ கதவத் தள்ளினாங்க. "ஆளு இருக்குது"ன்னு கத்தறேன். ஏழு வருசமா நாந்தான் டோக்கன் குடுத்து உள்ள அனுப்பினேன். உள்ள எப்படி இருக்குதுன்னு ஒரு நாளு எட்டிப் பாத்ததில்ல. அவ்வளவு வெக்கமா இருந்துச்சு எனக்கு. தலையில அடிச்சுட்டு அழுதேன், அதுலயும் ஒரு கையத் துணிய விட்டு எடுக்க முடியல.

வெளிய வந்தேன். டோக்கன அடுத்தவகிட்டக் குடுக்கல. அந்தப் புதுச் சூப்பர்வைசரு, "அக்கா, அக்கா"ன்னு பின்னாலயே வர்றா. கழுத்தோடயே மேல போனேன். மேடம் பேனாவ நீட்டினாங்க. "மொதல்ல கீழ ஒரு தாழ்ப்பாப் போடுங்க. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்"னேன். மோகனசுந்தரம் சாரு மொகம் செவந்துபோச்சு. மறுநாளு வேலை நீக்கம்னு தபால்ல வந்துருச்சு.

அவளுகதான் லேபர் ஆபீசுல மனு குடுத்தாளுக. டோக்கன், மாத்து டெய்லரு, போர்டு நம்பரு, தாழ்ப்பான்னு நாலு கோரிக்கை, அதோட அஞ்சாவதா என்னைத் திரும்ப எடுக்கோணும்னும் எழுதியிருக்காளுக. யாரு கேட்டா?

மன்னிப்புக் கேட்டனான்னு கேக்கறீங்களா? அங்காளேஸ்வரிகிட்டயா? கேக்கல. கேட்டா அவ, "பரவால்லக்கா"ம்பா. அவ அப்படித்தான். பரவால்லன்னு அவ சொல்லிட்டா எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. பரவால்லன்னு அவ சொல்லக் கூடாதுங்க. ஆறு லைன்லயும் டோக்கன் எறங்கட்டும், மாத்து டெய்லரு வந்து உக்காரட்டும், தாழ்ப்பா வரட்டும். அதுக்கப்புறம் அவ காலுலயே உழுகறேன். இப்ப இல்ல.

இன்னிக்கு அந்த ஆபீசரு கேக்கப்போற கேள்வி இதுதான், டோக்கனை ஏற்படுத்துனது யாருன்னு. மேனேஜரும் அங்க உக்காந்திருப்பாரு. ஜெபமணி அக்காவும் மனு எழுதிக் குடுத்த வக்கீலும் நேத்து எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. "தச்சத நீயா சொல்லாத துளசி, கம்பெனின்னு மட்டும் சொல்லு. நீதான் தச்சதுன்னு தெரிஞ்சா பழியத் திருப்பி உம்மேலயே போட்டுட்டு மேனேஜர் கைகழுவிட்டுப் போயிருவான். உன் வேலையும் கெடைக்காது." எனக்கு நல்லதுக்குத்தான் சொல்றாங்க, இல்லைங்கல. ஆனா மறைக்க மாட்டேன்னுட்டேன். பன்னெண்டு டோக்கன்ல என்ற தையலு இருக்குது, பாத்தாலே தெரியும்னு அந்த ஆளே சொன்னாரு. நான் மறைச்சா அவரு எடுத்து நீட்டுவாரு. நானே சொன்னா, தைக்கச் சொன்னது யாருன்னு அந்த ஆபீசரு கேட்டுத்தான ஆகோணும்?

வேலை போனாப் போகுது. நான் என்ன சொல்லப்போறேன்னு உங்ககிட்ட இப்பவே சொல்லிர்றேன், அங்க போயி நாக்கு கொழறக் கூடாது பாருங்க. எழுதிக்குங்க சார். தச்சது துளசிமணி. கேட்ட புள்ளைக்குக் குடுக்காம விட்டதும் துளசிமணிதான். தைக்கச் சொன்னது, மணிக்கு இத்தனைன்னு போர்டுல எழுதச் சொன்னது, இதோ உங்க எதுக்க உக்காந்திருக்கற இந்த மோகனசுந்தரமும் இவரோட கம்பெனியும். ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ண மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.